'அமர்ந்தான்' என்று ஒரு சொல் - மட்டாஞ்சேரியிலிருந்து ஒரு பழைய விவாதம்

"மேலே இருக்கிறவன் பார்த்துக்குவான்" என்று தமிழில் சர்வ சாதாரணமாகச் சொல்லிவிடுகிறோம். இந்து, முஸ்லிம், கிறிஸ்தவர் எல்லோரும் சொல்வதுதான். 'மேலே' என்றால் எங்கே, எவ்வளவு உயரத்தில் என்று சொல்கிறவரும் யோசிப்பதில்லை, கேட்கிறவரும் யோசிப்பதில்லை. ஆனால் இந்த 'மேலே'யைப் பற்றி இஸ்லாமிய வரலாற்றில் ஆயிரம் வருஷத்துக்கு மேலாக விவாதம் நடந்திருக்கிறது. அறிஞர்கள் சவுக்கடி வாங்கியிருக்கிறார்கள், சிறைக்குப் போயிருக்கிறார்கள்.

அது ஏதோ பழங்கதை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். இங்கே மெல்பர்னில் எங்கள் புறநகரில் தமிழ் முஸ்லிம் குடும்பங்கள் சேர்ந்து ஒரு வாடகைக் கூடத்தில் தொழுதுகொண்டிருந்தோம். அது இரண்டாகப் பிரிந்தது. காரணம் பணமோ பதவியோ இல்லை. பிள்ளைகளின் வார இறுதி வகுப்பில், "அல்லாஹ் எங்கே இருக்கிறான்?" என்ற கேள்விக்கு ஒரு ஆசிரியர் சொன்ன பதிலை இன்னொருவர் வழிகேடு என்றார். இவர் சொன்னதை அவர் சிலை வணக்கத்தில் கொண்டுபோய்ச் சேர்த்தார். பத்து வயதுப் பிள்ளைகள் வீட்டுக்கு வந்து "அந்த அங்கிள் பின்னாடி நின்னு தொழலாமா அத்தா?" என்று கேட்கிறார்கள். நோன்புக் கஞ்சியை ஒரே சட்டியில் காய்ச்சிய குடும்பங்கள் அவை.

இரண்டு பக்கமும் பேசிப் பார்த்ததில் எனக்குத் தோன்றியது ஒன்றுதான். எதிர்ப்பக்கம் ஏன் அப்படிச் சொல்கிறது, எதைக் காப்பாற்ற அப்படிச் சொல்கிறது என்பது இருவருக்குமே தெரியவில்லை. அதனால்தான் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன். பொறுமையாகப் படியுங்கள்.

நடந்தே சுற்றிவிடக்கூடிய ஊர்

நான் வளர்ந்தது திருப்பூணித்துறையில். ராவுத்தர் குடும்பம். அத்தாவுக்கு மட்டாஞ்சேரியில் ஒரு மிளகு வியாபாரியிடம் கணக்கு வேலை. விடுமுறை நாட்களில் அவரோடு போய் அந்தத் தெருக்களில் சுற்றியிருக்கிறேன். சுக்கு, மிளகு மணம் தவிர வேறு எதையும் அப்போது கவனித்ததில்லை. இப்போது தூரத்திலிருந்து யோசிக்கும்போதுதான், இறைவனின் பண்புகளைப் பற்றி இஸ்லாமிய உலகம் சொன்ன பதில்களில் பெரும்பாலானவை அந்தச் சின்ன இடத்துக்குள்ளேயே குடியிருந்தன என்று புரிகிறது.

மலையாள மாப்பிளா முஸ்லிம்கள் சட்டத்தில் ஷாஃபி, கொள்கையில் அஷ்அரி. கொச்சங்காடிப் பக்கத்து நைனா குடும்பங்களும் அப்படியே. இந்த நைனாக்கள் யார் தெரியுமோ? நம் காயல்பட்டினத்திலிருந்து வணிகத்துக்காகப் போய்க் குடியேறியவர்கள். கட்சிலிருந்து வந்த மேமன்கள் ஹனஃபி. தக்னி உருது பேசுகிறவர்களும் எங்களைப் போன்ற ராவுத்தர்களும் ஹனஃபிதான். ஹனஃபிகள் கொள்கையில் பொதுவாக மாத்துரீதி வழி. குஜராத்திலிருந்து வந்த தாவூதி போஹ்ராக்கள் இஸ்மாயிலி ஷியா. அவர்கள் வழி முற்றிலும் வேறு. இருபதாம் நூற்றாண்டில் முஜாஹித் இயக்கமும் சேர்ந்துகொண்டது. கொஞ்சம் தள்ளி 1568ல் கட்டிய பரதேசி யூதர் ஆலயம். கொச்சங்காடியில் இருந்து மறைந்துபோன இன்னொரு யூத ஆலயத்தின் 1344ஆம் ஆண்டுக் கல்வெட்டு அதன் சுவரில் பதிக்கப்பட்டிருக்கிறது.

இவ்வளவு பேரும் தங்களுக்குள் மிளகு விற்றார்கள், வாங்கினார்கள், கடன் கொடுத்தார்கள்.

இந்தக் கொச்சியில்தான் 1467ல் ஷெய்கு ஸைனுத்தீன் மக்தூம் பிறந்தார். பெயரோடு ஒட்டியிருப்பது 'மஅபரி'. மஅபர் என்பது அரபுப் பயணிகள் நம் தமிழ்க் கடற்கரைக்கு வைத்த பெயர். குடும்பம் இந்தப் பக்கத்திலிருந்து கொச்சிக்கு வந்தது என்பதற்கு அந்தப் பெயரே அடையாளம். பிறகு அவர் பொன்னானியில் குடியேறி, பெரிய பள்ளியில் கல்வி மையத்தை நிலைநாட்டினார். 1522ல் இறந்தார். போர்ச்சுகீசியரை எதிர்த்து அவர் எழுதிய நூலும், 'ஹிதாயத்துல் அத்கியா' என்ற சூஃபி நூலும் புகழ்பெற்றவை. பின்னதற்கு ஜாவாவின் நவவி அல்பந்தனி உரை எழுதியிருக்கிறார் என்றால் அது எவ்வளவு தூரம் போயிருக்கிறது பாருங்கள். பொன்னானியில் விளக்கைச் சுற்றி உட்கார்ந்து மாணவர்கள் ஓதினார்கள். அங்கே நிலைபெற்ற ஷாஃபி சட்டமும் அஷ்அரி கொள்கையும்தான் மலபார்க் கரையின் பொதுவழி. காயல்பட்டினம், கீழக்கரை, கொழும்பு வரை இதே வழிதான்.

சிக்கல் எங்கே தொடங்குகிறது?

சரி, விஷயத்துக்கு வருவோம்.

குர்ஆனில் இறைவனின் கை, முகம், கண் பற்றிய சொற்கள் வருகின்றன. அவன் அர்ஷின் மீது 'இஸ்திவா' ஆனான் என்று ஏழு இடங்களில் வருகிறது. அதே குர்ஆனில் 42ஆம் அத்தியாயத்தின் 11ஆம் வசனம், அவனைப் போன்றது எதுவுமே இல்லை என்று திட்டவட்டமாகச் சொல்கிறது. இரண்டையும் ஒரே நேரத்தில் எப்படி நம்புவது? கேள்வி அவ்வளவுதான். இரண்டையும் நம்ப வேண்டும் என்பதில் யாருக்கும் கருத்து வேறுபாடு இல்லை.

இதற்கு மேல் ஒரு முடிச்சு இருக்கிறது. 3ஆம் அத்தியாயத்தின் 7ஆம் வசனம், சில வசனங்கள் தெளிவானவை, சில பல பொருள் தோன்றக்கூடியவை என்று பிரிக்கிறது. பின்னவற்றின் விளக்கம் இறைவனுக்கு மட்டுமே தெரியுமா, இல்லை அறிவில் ஊன்றியவர்களுக்கும் தெரியுமா? அது ஓதும்போது எந்த இடத்தில் நிறுத்துகிறோம் என்பதைப் பொறுத்தது! ஒரு மூச்சு முன்னால் நிறுத்தினால் ஒரு கொள்கை, தாண்டி நிறுத்தினால் இன்னொரு கொள்கை.

நான்கு பதில்கள்

முதல் பதில் முஃதஸிலாக்களுடையது. எட்டாம் நூற்றாண்டில் பஸ்ராவில் தொடங்கியவர்கள். அவர்கள் பயம் இது: இறைவனுக்கு அறிவு, ஆற்றல் என்று தனித்தனிப் பண்புகள் ஆதியிலிருந்தே இருந்தன என்றால், ஆதியிலிருந்தே பல பொருட்கள் இருந்தன என்றாகிவிடாதா? ஏகத்துவம் என்ன ஆவது? அதனால் பண்பும் அவனும் வேறில்லை என்றார்கள். கை என்றால் ஆற்றல் அல்லது அருள் என்று பொருள் சொன்னார்கள். அவன் பேச்சான குர்ஆனும் படைக்கப்பட்டதே என்றார்கள். கலீஃபா மஃமூன் 833ல் இந்தக் கடைசிக் கருத்தை அரசாணையாக்கி, அறிஞர்களைக் கூப்பிட்டு ஒப்புக்கொள்கிறாயா என்று கேட்க ஆரம்பித்தார். இமாம் அஹ்மத் இப்னு ஹன்பல் ஒப்புக்கொள்ளவில்லை. அடுத்த கலீஃபா முஃதஸிம் காலத்தில் சவுக்கடி பட்டார். பகுத்தறிவு பேசிய அணிதான் சவுக்கைக் கையில் எடுத்தது என்பதைக் கவனிக்க வேண்டும். அதிகாரம் கையில் வந்தால் எந்தக் கொள்கையும் இப்படித்தான் ஆகும் போல.

இரண்டாவது பதில் அந்த ஹன்பலி வழி, அதாவது அஸரி வழி. இறைவன் தன்னைப் பற்றிச் சொன்னதை அப்படியே ஏற்றுக்கொள், எப்படி என்று கேட்காதே, படைப்போடு ஒப்பிடாதே. இவர்கள் பயம், மனித அறிவு வேதத்துக்கு மேல் ஏறி உட்கார்ந்துவிடும் என்பது. பின்னால் வந்த இப்னு தைமிய்யா (1263-1328) இதை இன்னும் கூர்மையாக்கினார். கை என்ற சொல்லின் பொருள் நமக்குத் தெரியும், அது எப்படிப்பட்டது என்பதுதான் தெரியாது என்றார். இதற்காக 1306ல் டமாஸ்கஸில் விசாரிக்கப்பட்டு, பிறகு கெய்ரோவில் சிறை வைக்கப்பட்டார். அந்த முறை சவுக்கு இடம் மாறியிருந்தது. அவ்வளவுதான்.

மூன்றாவது அபுல் ஹஸன் அல்அஷ்அரி (874-936). முஃதஸிலா ஆசிரியரிடம் படித்து, நாற்பது வயதுவாக்கில் அவர்களை விட்டு விலகி, அவர்களின் தர்க்கத்தையே கொண்டு ஹன்பலிகளின் முடிவுகளைக் காக்க முயன்றவர். பண்புகள் உண்மை, ஆதியானவை. ஆனால் அவை அவனுமல்ல, அவனை விட்டு வேறுமல்ல. கேட்கத் தலைசுற்றும்தான், ஆனால் இரண்டு பக்கமும் விழாமல் நடக்க அந்த வரி தேவைப்பட்டது. கை, முகம் பற்றிய வசனங்களில் அவர் வழி வந்தவர்கள் இரண்டு பாதை வைத்தார்கள். ஒன்று, பொருளையே இறைவனிடம் ஒப்படைத்துவிடுவது. இதற்குத் தஃப்வீள் என்று பெயர். இன்னொன்று, அரபு மொழி இடம் கொடுக்கும் தகுந்த பொருளைச் சொல்வது. இது தஃவீல். அஷ்அரி வழியின் தூணான இமாம் ஜுவைனி (1028-1085) ஒரு நூலில் தஃவீல் செய்தார். பிற்கால நூல் ஒன்றில் ஒப்படைப்பதே நல்லது என்றார். ஒரே மனிதர், ஒரே வாழ்க்கையில் இரண்டு பாதையிலும் நடந்திருக்கிறார்.

சமர்கந்தின் அபூ மன்சூர் அல்மாத்துரீதி (இறப்பு 944) சொன்னதும் ஏறக்குறைய இதேதான். அஷ்அரிகள் அறிவு, ஆற்றல், நாட்டம், உயிர், கேள்வி, பார்வை, பேச்சு என்று ஏழு எண்ணுவார்கள். மாத்துரீதிகள் 'உருவாக்குதல்' என்பதையும் தனிப்பண்பாக எட்டாவதாகச் சேர்ப்பார்கள். வட ஆப்பிரிக்காவின் இமாம் சனூஸி (இறப்பு 1490) இவற்றை விரித்து இருபது சிஃபத்து என்று மனப்பாடம் செய்யும்படி அடுக்கிக் கொடுத்தார். மலேசியா, சிங்கப்பூரில் வளர்ந்தவர்களுக்கு 'சிஃபாத் துவா புலூ' என்றால் உடனே ஞாபகம் வரும்.

நான்காவது இஸ்மாயிலி பதில். பத்து, பதினோராம் நூற்றாண்டில் ஸிஜிஸ்தானி, கிர்மானி போன்றவர்கள் எழுதியது. இறைவனுக்கு எந்தப் பண்பையும் சொல்லக்கூடாது. சரி, இல்லை என்று சொல்லலாமா? அதுவும் கூடாது! இரண்டையும் மறுத்து, மறுப்பையும் மறுக்க வேண்டும். யூத அறிஞர் மைமோனிடஸ் (1138-1204) அரபியிலேயே எழுதிய தம் நூலில், இறைவன் எது இல்லை என்று மட்டுமே சொல்ல முடியும் என்றார். கிட்டத்தட்டப் பக்கத்து வீட்டுச் சிந்தனைதான்.

நமக்குத் தெரிந்த 'தாள்'

இதெல்லாம் அரபிகளின் தலைவலி, நமக்கென்ன என்று நினைக்காதீர்கள். பள்ளிக்கூடத்தில் எல்லோரும் படித்த திருக்குறளின் முதல் அதிகாரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். பத்துக் குறளில் ஏழில் இறைவனின் கால் வருகிறது, தாள் என்றும் அடி என்றும். நாம் யாராவது கால்விரல் எத்தனை என்று கேட்டோமா? சரணடைவது என்று தானாகவே புரிந்துகொண்டோம். அரபியில் சொன்னால் அதுதான் தஃவீல்.

அதே அதிகாரத்தில் இறைவனுக்கு எட்டுக் குணம் என்றும் வருகிறது. எந்த எட்டு? பரிமேலழகர் சைவ ஆகமத்தில் சொன்ன எட்டு என்று எடுத்துக்கொள்கிறார். சமணர்கள் தங்கள் மரபின் எட்டு என்பார்கள். சொல் ஒன்று, படிக்கிற மரபுக்குத் தக்கபடி பொருள். திருப்பூணித்துறையில் 1914ல் தொடங்கிய சமஸ்கிருதக் கல்லூரியில் வேதாந்தம் படித்தவர்களும் நிர்குணம், சகுணம் என்று இதே கேள்வியைத்தான் வேறு பெயரில் படித்திருப்பார்கள். வேதம் உள்ள எந்தச் சமூகமும் இந்த இடத்துக்கு வந்தே தீரும்.

தமிழுக்கு வரும்போது

இப்போது நான் சொல்ல வந்த முக்கியமான இடம். அரபியில் ஓதுகிறவர் 'இஸ்திவா' என்ற சொல்லை அப்படியே ஓதிவிட்டு, பொருளை இறைவனிடம் விட்டுவிடலாம். தஃப்வீள் அரபியில் சுலபம். தமிழில் மொழிபெயர்க்கிறவர் என்ன செய்வார்? ஏதாவது ஒரு சொல்லைப் போட்டே ஆக வேண்டும். 'அமர்ந்தான்' என்று போட்டால் நம் மனசில் நாற்காலி வந்துவிடுகிறது. 'நிலைகொண்டான்' என்றால் கொஞ்சம் விலகி நிற்கிறது. 'ஆட்சி செலுத்தினான்' என்றால் தஃவீல் நடந்து முடிந்துவிட்டது. இப்படி வெவ்வேறு விதமாகத் தமிழ் மொழிபெயர்ப்புகளில் இருக்கின்றன. படிக்கிற நமக்கோ அது இறைவன் சொல். அதற்குள் ஒரு மனிதர் ஆயிரம் வருஷ விவாதத்தில் ஒரு பக்கம் சாய்ந்திருக்கிறார் என்பது அடிக்குறிப்பில்லாமல் தெரிய வழியே இல்லை.

நம் முன்னோர்கள் இதை வேறு விதமாகச் சமாளித்தார்கள். அரபுத்தமிழ் என்று, தமிழை அரபு எழுத்தில் எழுதும் முறை இருந்தது. தாத்து, சிஃபத்து, கதீம் போன்ற கலைச்சொற்கள் அதில் அப்படியே நிற்கும். சுற்றிலும் விளக்கம் தமிழில் ஓடும். கீழக்கரை இமாமுல் அரூஸ் மாப்பிள்ளை லெப்பை ஆலிம் (1816-1898) எழுதிய 'ஃபத்ஹுத் தய்யான்' கொள்கையும் சட்டமும் சேர்ந்த அப்படிப்பட்ட ஒரு நூல். 1963ல் கொழும்பில் அதன் ஆங்கில மொழிபெயர்ப்பு வந்தது. நம் பாட்டிமார்கள் அந்த எழுத்தில்தான் மார்க்கம் படித்தார்கள். அந்த எழுத்து போனபோது, சொல்லை மொழிபெயர்க்காமல் வைத்திருக்கும் வசதியும் சேர்ந்து போய்விட்டது.

இன்னொரு சொல், 'உருவம்'. அல்லாஹ்வுக்கு உருவம் உண்டா இல்லையா என்று தமிழ்நாட்டில் மேடை போட்டு விவாதம் செய்திருக்கிறார்கள், சி.டி. போட்டு வளைகுடா வரை விற்றிருக்கிறார்கள். உண்டு என்றவர்களும் ஹதீஸைத்தான் காட்டினார்கள், இல்லை என்றவர்களும் குர்ஆனைத்தான் காட்டினார்கள். ஆனால் 'உருவம்' அரபிச் சொல் இல்லையே! சைவ சித்தாந்தத்தில் அருவம், உருவம், அருவுருவம் என்று ஏற்கெனவே ஒரு முழு வாழ்க்கை வாழ்ந்த சொல் அது. உருவம் என்றதும் தமிழன் மனசில் கற்சிலை வருகிறது. உண்டு என்றவர் அதைச் சொல்லவில்லை. இல்லை என்றவருக்கு அதுதான் கேட்டது. பாதிச் சண்டை தமிழில் நடந்ததால் வந்த சண்டை.

பிளவு வந்த வழி

கேரளத்தில் இதன் இன்றைய வடிவம் 1920களில் தொடங்கியது. எகிப்தின் 'அல்மனார்' இதழை விரும்பிப் படித்த வக்கம் மௌலவி (1873-1932) போன்றவர்களின் தூண்டுதலில், 1922ல் கொடுங்கல்லூர்ப் பக்கம் ஐக்கிய சங்கம் பிறந்தது. கல்வி, பெண்களின் நிலை, தர்கா வழக்கங்கள் பற்றித்தான் அவர்கள் முதலில் பேசினார்கள். மரபு அறிஞர்கள் 1926ல் கோழிக்கோட்டில் சமஸ்தா அமைப்பைத் தொடங்கினார்கள். 1950ல் நத்வத்துல் முஜாஹிதீன் வந்தது. தமிழ்நாட்டில் 1980களில் இருந்து தவ்ஹீத் இயக்கங்கள் வேகம் பிடித்தன. பழைய வழக்கங்களைக் கேள்வி கேட்டவர்கள், பழைய கொள்கை நூல்களையும் கேள்வி கேட்டார்கள். அப்படித்தான் அர்ஷும் இஸ்திவாவும் மதரஸா மாடியிலிருந்து தெருமுனைக்கு வந்தன.

இதில் நன்மையும் உண்டு. ஓதத் தெரிந்தால் போதும் என்றிருந்த சாதாரண ஜனங்கள் பொருள் கேட்க ஆரம்பித்தார்கள். ஆனால் இமாம் கஸாலி (1058-1111) தம் கடைசிக் காலத்தில், பொதுமக்களை இந்தக் கொள்கைத் தர்க்கத்துக்குள் இழுக்காதீர்கள் என்று ஒரு தனி நூலே எழுதினார். அதை நம் ஊர்களில் யாரும் நினைவில் வைத்துக்கொள்ளவில்லை.

ஊரில் பிளவு வந்தால் இன்னொரு பள்ளிவாசல் கட்டிக்கொள்ளலாம். ஜனம் இருக்கிறது. இங்கே வெளிநாட்டில் நாற்பது குடும்பம். பாதி போனால் ஜனாஸாவுக்கு ஆள் சேராது, பிள்ளைக்குத் தமிழில் மார்க்கம் சொல்லித்தர ஆள் கிடைக்காது. அதனால்தான் இது எனக்கு வெறும் வரலாறாக இல்லை.

பிள்ளைகளிடம் என்ன சொல்வது?

நான் ஆலிம் இல்லை, கம்ப்யூட்டர்காரன். எது சரி என்று தீர்ப்புச் சொல்ல எனக்குத் தகுதி கிடையாது. என் வீட்டில் சொல்வதை மட்டும் எழுதுகிறேன்.

ஒன்று: 'அவனைப் போல் எதுவும் இல்லை' என்பதில் எல்லோரும் ஒன்று. அர்ஷின் மேல் என்கிறவர், அவன் நம்மைப் போல் உட்கார்ந்திருக்கிறான் என்று சொல்லவில்லை. இடமற்றவன் என்கிறவர், அவன் இல்லை என்று சொல்லவில்லை. முன்னவர் வேதத்தின் சொல்லைக் காக்கிறார். பின்னவர் இறைவனின் தூய்மையைக் காக்கிறார். எதிராளி சொல்லாததை அவர் தலையில் கட்டாமல் இருந்தாலே முக்கால்வாசிச் சண்டை இல்லை.

இரண்டு: வீட்டில் ஒன்றுக்கு இரண்டு தமிழ் மொழிபெயர்ப்புகளை வைத்துக்கொண்டு, 20ஆம் அத்தியாயம் 5ஆம் வசனத்தை இரண்டிலும் பார்க்கச் சொல்லுங்கள். சொல் ஏன் மாறுகிறது என்று பிள்ளைகளே கேட்பார்கள். மொழிபெயர்ப்பு வேறு, மூலம் வேறு என்பது அவர்களுக்குப் பசுமரத்தாணியாகப் பதியும்.

மூன்று: இமாம் மாலிக் (இறப்பு 795) மதீனாவில் பாடம் நடத்தும்போது ஒருவர் இஸ்திவா எப்படி என்று கேட்டார். அவருக்கு வியர்த்துவிட்டது என்றும், வெகுநேரம் தலைகுனிந்து பேசாமல் இருந்தார் என்றும் சொல்கிறார்கள். அவர் சொன்ன பதிலை அஷ்அரிகளும் மேற்கோள் காட்டுகிறார்கள், ஸலஃபிகளும் மேற்கோள் காட்டுகிறார்கள், தங்கள் பக்கத்துக்கு ஆதாரமாக! எனக்கு அந்தப் பதிலைவிட, பதிலுக்கு முன்னால் அவர் பேசாமலிருந்த அந்த நேரம்தான் பெரிதாகப் படுகிறது. பத்து வயதுப் பிள்ளையிடம் யார் முஸ்லிம், யார் இல்லை என்று பட்டியல் கொடுக்கும் முன் நாமும் அவ்வளவு நேரம் யோசித்தால் போதும்.